‘பார்த்தேன், தெரியவில்லை’

போன மார்கழி, திருவெம்பாவைக் காலம். விடிய நாலரைக்குக் கோயில் மணி கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரவு முழுக்கக் கொட்டிய மழை தூறலாக இளைத்திருந்தது. இடுப்பில் வெள்ளை வேட்டி. அதன்மேல் முழங்காலுக்கும் கீழே இறங்கிய கறுப்பு மழைக்கோட்டு. பாலையூற்றுப் பக்கமிருந்து கண்டி வீதியால் வந்துகொண்டிருந்தேன். இடது கைப்பக்க ஒழுங்கை ஒன்றிலிருந்து ஒரு சின்ன லொறி வந்து வாயில் நின்றது. தெருவிளக்கு வெளிச்சத்தில் சாரதியின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்த்தார். என் பக்கமும் பார்த்தார். நேரே என் முகத்தைத்தான் பார்த்தார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பார்த்துவிட்டு லொறியை வீதிக்கு எடுத்தார்.

பிரேக் பிடித்தேன். நனைந்த ரிம்மில் கட்டை வழுக்கியது. சைக்கிள் லொறியின் முன்பக்கத்துக்குள் போனது, நான் வீதியோர வெள்ளத்துக்குள் போனேன். முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பினேன். முன் ரிம் நெளிந்து எட்டாகிவிட்டது.

சாரதி இறங்கி ஓடி வந்தார். என் மகனைவிட இளையவர். கை நடுங்கியது. என்னைத் தூக்கி நிறுத்தியபடி திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “பெலுவா மாத்தயா, பெனுனே நே.” பார்த்தேன் ஐயா, தெரியவில்லை.

அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, மனைவி முழங்கைக்கு மருந்து போடும்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. ‘பார்க்கவில்லை’ என்று அவர் சொல்லவில்லையே. பார்ப்பது ஒரு வேலை, தெரிவது இன்னொரு வேலை. முதலாவது அவருடையது, அதை அவர் செய்தார். இரண்டாவது என்னுடையது. கறுப்புக் கோட்டு. டைனமோ வயர் அறுந்து இரண்டு மாதம். மட்காட்டில் இருந்த சிவப்பு ரிப்ளெக்டர் எப்போது உடைந்து விழுந்தது என்றுகூட நினைவில்லை.

இதை எழுதுவது ஒரு வெட்கத்தோடுதான். திருகோணமலைத் துறைமுகத்தில் 29 வருடம் லோஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விளக்கில்லாமல் ஒரு நாள் இரவுகூடத் தண்ணீரில் இறங்கியதில்லை.

தண்ணீரில் நாங்கள் படித்த பாடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்த கடல் மோதல் தவிர்ப்பு விதிகள் என்று ஒன்று உண்டு. உலகத்துக் கப்பலெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. கோதுமை ஏற்றிக்கொண்டு சீனக்குடாவுக்கு வரும் கப்பலுக்கும், அதற்கு வழிகாட்டியை ஏற்றிச் செல்லும் எங்கள் லோஞ்சுக்கும் ஒரே விதிதான். இயந்திரக் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே முன்னோக்கி வெள்ளை, பின்னால் ஒரு வெள்ளை. ஒவ்வொரு விளக்கும் எத்தனை பாகைக்குத் தெரிய வேண்டும் என்பதுகூடக் கணக்கு. மேல் விளக்கு 225 பாகை, பின் விளக்கு 135 பாகை. கூட்டிப் பாருங்கள், 360. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் கப்பல் இருளுக்குள் ஒளிந்துகொள்ள ஒரு பாகை இடம்கூட விடவில்லை.

துடுப்பு வலிக்கும் சின்னத் தோணியையும் அந்த விதி சும்மா விடவில்லை. விளக்குப் பொருத்த வசதியில்லையென்றால் ஒரு ரோச் லைட்டாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே அதைக் காட்ட வேண்டும். ‘பெரிய கப்பல், அவன் என்னைப் பார்த்துப் போகட்டும்’ என்று எந்தத் தோணிக்காரனும் இருட்டில் குந்தியிருக்க முடியாது. எங்கள் பழைய தண்டையல் ஒருவர் சொல்வார்: “விளக்கு வள்ளத்தில ஏத்துற சாமானில்ல தம்பி, அதுவும் வள்ளத்திட ஒரு பலகை. அது இல்லாட்டி ஓட்டை.”

இந்தக் கணக்கோடு நம்முடைய வீதிக்கு வருவோம். சைக்கிளுக்கு முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி, அதுவும் இருந்தால். பக்கவாட்டில் முழு இருட்டு. ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறும் சாரதி முதலில் காண்பது அந்தப் பக்கவாட்டைத்தான். மோட்டார் சைக்கிளுக்கு விளக்குக்குக் குறைவில்லை, ஆனால் முன்னால் ஒற்றை விளக்கு. இரண்டு விளக்கோடு வரும் வாகனம் நெருங்க நெருங்க விளக்குகளின் இடைவெளி அகலும். அதை வைத்துத்தான் நம் கண் தூரத்தையும் வேகத்தையும் மட்டிடுகிறது. ஒற்றை விளக்குக்கு அகல்வதற்கு எதுவுமில்லை. தூரத்தில் மெதுவாக வருவதுபோலத் தோன்றும். அடுத்த கணம் முன்னால் நிற்கும். சந்தியில் ‘இன்னும் நேரமிருக்கு’ என்று திரும்புகிறவர் கெட்டவரென்று இல்லை, அவருடைய கண் அவரை ஏமாற்றிவிடுகிறது.

இன்னொன்றும் கடலில் படித்ததுதான். தூரத்தில் ஒரு கப்பலின் விளக்கு தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்தால் அது முன்னுக்கோ பின்னுக்கோ நகர வேண்டும். நகர்ந்தால் பயமில்லை. திசை மாறாமல், நின்ற இடத்திலேயே நின்றபடி பெருத்துக்கொண்டு வந்தால் அது உன்மேல்தான் வருகிறது. இதை மோதல் ஆபத்தின் அடையாளமாகவே அந்த விதிகள் எழுதிவைத்திருக்கின்றன. வீதியிலும் அப்படித்தான். நம் கண் அசைவதைச் சட்டென்று பிடிக்கும், அசையாததை விட்டுவிடும். உங்களோடு மோதப்போகும் வாகனம்தான் உங்கள் கண்ணில் அசையாமல் நிற்கும். மோதாமல் கடந்துபோகிறதெல்லாம் தெரியும், மோத வருவது தெரியாது. அதனால்தான் அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்தும் காணவில்லை என்று இப்போது நம்புகிறேன்.

விபத்துக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. விடியற்காலையில் சந்தியில் நின்று போகிற வருகிற சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் பார்ப்பது. நான்கரைக்கும் ஆறுக்கும் இடையில் நம்முடைய மாவட்டத்தின் வயிற்றுப்பாடு முழுவதும் இரண்டு சக்கரத்தில்தான் ஓடுகிறது. பால் கான் கட்டிய சைக்கிள். இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டிக்கொண்டு விறகு கட்டிய சைக்கிள். வேலை மாறிப் போகிற காவலாளி. ரியூசனுக்கு ஓடுகிற பிள்ளைகள். இவர்களுக்கெல்லாம் முன்னால் மீன்காரர்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய றெஜிபோம் பெட்டி. பெட்டி இருக்கையைவிட அகலம். பின் விளக்கு, சிக்னல், இலக்கத் தகடு எல்லாவற்றையும் மூடி நிற்கிறது. மீன் பழுதாகுமுன் கந்தளாய்ப் பக்கம் போய்ச் சேர வேண்டுமென்று பறக்கிறார்கள். பின்னால் சிமெந்து லொறி, மா லொறி, எண்ணெய் பவுசர். துறைமுகத்தின் சுமையும் ஏழைகளின் சுமையும் ஒரே வீதியில், ஒரே நேரத்தில், ஒன்றின்பின் ஒன்று.

கிண்ணியாவிலிருந்து எங்கள் பக்கம் மீன் கொண்டுவரும் தம்பி ஒருவரிடம், “பெட்டி லைட்டை மறைக்குது, பாருங்க” என்றேன். அவர் பாரை மீனை நிறுத்தபடியே சொன்னார்: “அவன்ட லொறியில ரெண்டு பெரிய லைட் இரிக்கித்தானே அண்ணன், அவன் பாக்கட்டும்.”

நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. சின்னவன் ஒளிர வேண்டும், பெரியவன் போகிறபடி போகலாம் என்று ஆகிவிட்டால் அது அநியாயம். கடல் விதியும் அப்படிச் சொல்லவில்லை. விளக்குகளைப் பற்றிப் பேசுவதற்கு வெகு முன்னாலேயே, ஐந்தாவது விதியாக, எல்லாக் கப்பலும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. பார்ப்பது முதல் கடமை. காட்டுவது அதற்கு மாற்று அல்ல, துணை. வீதியில் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நாம் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை வைது தீர்க்கிறோம்.

ஆனால் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். லொறியின் இரண்டு விளக்கும் எவ்வளவு தூரம் எட்டும் தெரியுமா? விளக்கைத் தாழ்த்தி ஓடும்போது, இருண்ட உடுப்புப் போட்ட ஓர் ஆள் 25, 30 மீற்றருக்குள் வந்த பிறகுதான் சாரதியின் கண்ணில் படுவார். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் லொறி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடிவிடும். கண்ட பிறகு மிஞ்சுவது இரண்டு செக்கன்கூட இல்லை. மனிதனின் கால் பிரேக்கைத் தேடிப் போவதற்கே ஒரு செக்கனுக்கு மேல் போய்விடும். பிறகு சுமை ஏற்றிய லொறி, நனைந்த வீதி. அந்தச் சாரதி உங்கள் கூடப்பிறந்த நானாவாக இருந்தாலும் நிறுத்த முடியாது. அதே ஆளிடம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஒரு பட்டி இருந்தால் 130 மீற்றருக்கு அப்பாலேயே தெரிவார். அவன் பார்க்கட்டும் என்பது சரிதான். பார்ப்பதற்கு அவனுக்கு அந்த நூறு மீற்றரை யார் கொடுப்பது?

மாட்டுக்கும் மானுக்கும் கடவுள் அதைக் கண்ணிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார். நம்முடைய நகரத்தில் இரவில் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கமாகத் திரியும் புள்ளிமான்கள் உடம்பால் தெரிவதில்லை, இரண்டு பச்சைப் புள்ளிகளாகத்தான் முதலில் தெரியும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. 1934இல் இங்கிலாந்தில் பேர்சி ஷோ என்பவர் வீதி நடுவே பதிக்கும் ‘பூனைக்கண்’ கண்ணாடிக்குக் காப்புரிமை எடுத்ததும் இதே தத்துவத்தை வைத்துத்தான். மனிதனுக்கு அந்தப் படலம் இல்லை. அவன் கடையில்தான் வாங்க வேண்டும்.

எது உண்மையில் உதவும் என்று ஊகிக்கத் தேவையில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஓக்லண்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஆய்வில், ஒளிரும் அல்லது வெளிச்சத்தைத் திருப்பும் மேலாடை போட்டவர்களுக்கு விபத்துக் காய ஆபத்து 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்புத் தலைக்கவசத்தைவிட வெள்ளைத் தலைக்கவசத்துக்கு 24 சதவீதம் குறைவு. பகலிலும் முன்விளக்கை எரியவிட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. இந்தியாவில் 2017 ஏப்ரலிலிருந்து புதிய இருசக்கர வாகனங்களின் முன்விளக்கு இயந்திரத்தோடு தானாகவே எரிய வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம்முடைய வீதியில் பகலில் விளக்கோடு போனால் எதிரே வருபவர் ஐந்து விரலையும் மூடித் திறந்து ‘லைட் எரியுது’ என்று உபகாரம் செய்கிறார். நல்ல மனம்தான். ஆனால் அது எரியத்தான் வேண்டும் அண்ணன், விட்டுவிடுங்கள்.

சைக்கிளைப் பற்றியும் ஒன்று. அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் போக்குவரத்தில்லாத ஒரு தனி வீதியில் இரவில் சாரதிகளை ஓட்டவிட்டுச் சோதித்தார்கள். கறுப்பு உடுப்புப் போட்ட சைக்கிளோட்டியை அடையாளம் கண்ட தடவைகள் நூற்றுக்கு 2. பகலில் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் ஒளிர்நிறச் சட்டைக்கு இரவில் 15தான். அந்த நிறத்துக்குச் சூரியன் வேண்டும். வெளிச்சத்தைத் திருப்பும் பட்டி வைத்த மேற்சட்டைக்கு 50. அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் ஒவ்வொரு பட்டியைச் சுற்றியபோது 90. காரணம் எளிது. நெஞ்சிலுள்ள பட்டி அசைவதில்லை, அது கம்பமாகவும் இருக்கலாம், மதிலாகவும் இருக்கலாம். பெடல் மிதிக்கும் கால் மேலும் கீழும் போய்வருகிறது. அப்படி அசைவது மனிதன் மட்டுமே என்று பார்க்கிறவரின் மூளை யோசிக்காமலே சொல்லிவிடும்.

வெளிச்சம் என்றவுடன் சில இளைஞர்கள் முன்னால் வெள்ளை எல்ஈடி விளக்குகளை வரிசையாகப் பூட்டிக்கொண்டு எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்குகிறார்கள். நான் சொல்வது அதை அல்ல. அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வருகிற சைக்கிள்காரர் அடியோடு மறைந்து போகிறார். விதித்த விளக்குகளைக் குழப்பக்கூடிய வேறு விளக்குகளைக் காட்டாதே என்பதும் கடல் விதிதான்.

இவ்வளவும் தெரிந்தும் நாம் ஏன் இருட்டாகவே ஓடுகிறோம்? சோம்பல், செலவு எல்லாம் உண்டு. இந்த மாவட்டத்துக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். சின்ன வயதில், டைனமோ எரியாத சைக்கிளைப் பொலிஸ்காரர் இரவில் மறித்தால் ரயரின் காற்றைத் திறந்துவிடுவார். அதற்குப் பயந்தே விளக்கைச் சீராக வைத்திருந்தோம். பிறகு சண்டைக் காலம் வந்தது. சோதனைச் சாவடிக்கு முன்னால் “லைட்டை நூரு” என்று குரல் வரும். நூர்த்துவிட்டு, இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். இரவில் வெளிச்சத்தோடு திரிவது பத்திரமில்லை என்றும், கண்ணில் படாமல் வீட்டுக்கு வந்து சேர்வதே புத்தி என்றும் ஒரு தலைமுறை முழுவதும் பழகியது. அப்படிப் பழகித்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம். சாவடிகள் போய்விட்டன. பாதைப் படகுக்காகக் காத்துக் கிடந்த கிண்ணியாக் கடவையில் 2009இல் 396 மீற்றர் நீளப் பாலமும் வந்துவிட்டது. அகலமான வீதியில் லொறிகள் வேகமாக ஓடுகின்றன. இன்று கண்ணில் படாமல் இருப்பதுதான் ஆபத்து. பழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே நின்றபோது, திருகோணமலையின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்களும் வரிசையில் நின்றோம். வரிசை அலுத்து வீட்டுக்கொரு சைக்கிள் வாங்கினோம். என் ஒழுங்கையில் அப்படி வந்த சைக்கிள் ஒன்றிலும் விளக்கில்லை. கேட்டால் “அது தனியாக வாங்க வேண்டும்” என்கிறார்கள். மணிக்கும் கரியருக்கும் தனியாகப் பேசுவதுபோல விளக்குக்கும் பேச வேண்டியிருக்கிறது.

இலங்கையில் வீதி விபத்து ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோகிறது. பதிவு செய்த வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். பாதுகாப்பு வாரம் என்று பதாகை கட்டி, கூட்டம் போட்டு இது தீராது. நான் கேட்பது சின்ன விடயங்கள். மீன் வாடிகளிலும் சந்தையிலும் விடியற்காலை பெட்டி கட்டும் இடத்தில் நகர சபையோ பிரதேச சபையோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ வெளிச்சத்தைத் திருப்பும் சிவப்புப் பட்டியை வைத்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்திலும் இரண்டு துண்டு ஒட்டிவிடட்டும். ஒரு பெட்டிக்கு ஆகும் செலவு ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் செலவைத் தாண்டாது. இரவில் மறிக்கும் பொலிஸார் தண்டச் சீட்டோடு ஒரு பட்டிச் சுருளும் வைத்திருக்கட்டும். எழுதுவதற்கு முன் ஒட்டட்டும். ஒழுங்கை வாயில்களில் பார்வையை மறைக்கும் பற்றைகளையும், எப்போதோ முடிந்த விழாவின் பதாகைகளையும் அகற்றட்டும். லொறி ஓட்டும் தம்பிமாரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு தடவை பார்த்தது போதாது. கழுத்தைச் சற்று முன்னுக்கு நீட்டி இரண்டாம் தடவை பாருங்கள். உங்கள் கண்ணாடியின் ஓரத் தூணுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் முழுதாக ஒளிந்துகொள்ளும்.

மீன்காரத் தம்பியின் பெட்டியில் இப்போது இரண்டு சிவப்புப் பட்டி இருக்கிறது. நான் ஒட்டியது. “சோடினை நல்லாத்தான் இரிக்கி” என்று சிரித்தார், கிழிக்கவில்லை.

என் சைக்கிளுக்கும் புது ரிம் போட்டேன். டைனமோவை மாற்றிப் பற்றரி விளக்கு. பின்னால் சிவப்பு விளக்கும் ரிப்ளெக்டரும். கம்பிகளுக்கு இடையில் மஞ்சள் ரிப்ளெக்டர். பக்கவாட்டுக் கணக்குத் தீர்ந்தது, 360 பாகையும் நிரம்பியது என்று எனக்குள் பெருமை. ஒரு நாள் இரவு மனைவியின் கையில் ரோச்சைக் கொடுத்து, அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடிக்கச் சொன்னேன். அப்படிப் பிடித்தால்தான் திரும்பி வருகிற வெளிச்சம் கண்ணுக்குள் விழும். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள், செலவில்லாத சோதனை. அவரை ஒழுங்கையின் இந்த முனையில் நிறுத்திவிட்டு, அதே கறுப்பு மழைக்கோட்டோடு நூறு அடி தள்ளிப் போய்ச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன்.

“என்ன, தெரியுதோ?” என்று கத்தினேன்.

“சைக்கிள் வடிவாத் தெரியுது,” என்று பதில் வந்தது. “உங்களைத்தான் காணேல்ல.”

அடுத்த நாள் போய்க் கணுக்காலுக்கு இரண்டு பட்டி வாங்கினேன்.